கடற்கொள்ளைக் கதையும் நம் வீட்டுப் பெண்களும்

கடற்கொள்ளையர் கதை என்றவுடன் ஆங்கிலம் கற்ற நம் மாணவர்க்கு நினைவு வருவது ஸ்டீவன்சன் 1883 இல் நூலாக வெளியிட்ட 'புதையல் தீவு'. நல்ல கதைதான், ஐயமில்லை. ஆனால் அதில் பெண் என்று சொல்லத்தக்கவர் சிறுவன் ஜிம்மின் தாயார் ஒருவரே. அவரும் கப்பல் புறப்படுமுன் கரையிலேயே நின்றுவிடுகிறார். கொழும்பில் வாழும் தமிழ்ப் பெண்பிள்ளைகளின் நிலையும் ஏறத்தாழ அதுவே. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து ஓர் ஒழுங்கையில் இறங்கினால் சில நிமிடங்களில் கடல். ஆயினும் புகையிரதப் பாதையைக் கடந்து மணலில் கால் வைப்பதற்குள் "அங்கே போகாதே பிள்ளை" என்று ஒரு குரல் எழும். கொட்டாஞ்சேனையிலோ துறைமுகத்துக் கப்பலின் சங்கொலி வீட்டுக்குள் கேட்கும். கப்பலை அறிந்தவர்கள் ஆண்கள் மட்டுமே.

இத்தகைய வீடுகளுக்குள்தான் சாண்டில்யனின் 'கடல் புறா' வந்து நுழைந்தது. 'குமுதம்' வார இதழில் தொடர்கதையாக, லதாவின் சித்திரங்களோடு வெளிவந்து, பின்னர் மூன்று பாகங்களாக நூலுருப் பெற்ற நெடுங்கதை அது. கலிங்கப் போரில் புகழ்பெற்ற கருணாகரத் தொண்டைமானை ஆசிரியர் இளமைக் காலத்திலே கண்டுபிடித்து, கடல்மேல் ஏற்றி, அகூதா என்னும் கொள்ளைத் தலைவனிடம் மாலுமித் தொழில் பயில வைக்கிறார். அகூதா என்ற பெயரில் ஒருவர் வரலாற்றிலும் உண்டு. 1115 இல் வடசீனத்தில் சின் அரசமரபை நிறுவியவர். அவர் குதிரைப் படையின் தலைவரேயன்றிக் கடலோடியல்லர். ஆசிரியர் அதைப் பொருட்படுத்தவில்லை. கதை படிக்கும்போது நாமும் பொருட்படுத்துவதில்லை.

கதாநாயகிக்கு வருவோம். பாலூர்த் துறைமுகத்தில் பகைவருக்குத் தப்பி, தன் அறைக்குள் புகுந்த அந்நியனைக் கண்டு கடாரத்து இளவரசி காஞ்சனாதேவி அலறவில்லை, மயங்கவும் இல்லை. அவள் கையில் வாள் இருக்கிறது; அதைப் பயன்படுத்தவும் அவளுக்குத் தெரியும். அட்சயமுனைக் கோட்டையின் மஞ்சளழகியும் அடுப்பங்கரைக்குப் பிறந்தவள் அல்லள். இவ்விருவரையும் படித்த எத்தனை பெண்பிள்ளைகள் துடைப்பத்தை வாளாகப் பிடித்து நிலைக்கண்ணாடி முன் நின்றார்களோ, நாம் அறியோம்!

வீட்டுப் பெரியவர்களுக்கு இந்த எழுத்தாளர்மீது ஒரு மனத்தாங்கல் உண்டு. வீரத்தை எழுதிய அதே கையால் பெண்ணின் மேனியழகைப் பக்கம் பக்கமாக வருணிப்பார் என்பதே அது. குற்றச்சாட்டு பொய்யன்று. வாளேந்திய இளவரசி ஒரு பக்கத்தில் நிமிர்ந்து நிற்பாள். அடுத்த பக்கத்தில் வருணனைப் பொருளாகிவிடுவாள். இரு வீராங்கனையரும் ஒரே வீரனின் காதலுக்காக ஏங்குவதும் நமக்கு முழு நிறைவு தருவதில்லை. இருப்பினும் நூலைப் பறித்துப் பூட்டிவைத்ததனால் என்ன பயன் விளைந்தது? பிள்ளைகள் போர்வைக்குள் வைத்துப் படித்தார்கள்; வருணனையையே முதலில் தேடினார்கள்! வாய்விட்டு வாசிக்கும் வழக்கமுள்ள வீடுகளில் இந்தத் தொல்லை இல்லை. வேண்டாத இடம் வந்ததும் தாயார் தொண்டையைச் செருமிக்கொண்டு இரண்டு பக்கங்களைப் புரட்டிவிடுவார். கதைக்கு ஒரு குறையும் நேர்வதில்லை.

நம்மைக் கேட்டால், கடலையறிந்த பெண்ணைக் காண விரும்புவோர் இன்னும் சிறிது பின்னோக்கிப் போதல் வேண்டும். 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் வந்த 'பொன்னியின் செல்வ'னில் பூங்குழலி இருக்கிறாள். இளவரசியல்லள், வாளும் இல்லை. கோடிக்கரையில் கலங்கரை விளக்கத்தைக் காத்து நிற்பவரின் மகள். அவளுடைய ஆற்றலெல்லாம் ஒரு படகும் இரு துடுப்புகளுமே. "உன் காதலன் யார்?" என்று கேட்டால், சதுப்பு நிலத்தில் இரவில் குப்பென்று எரிந்து மறையும் கொள்ளிவாய்ப் பேய்களைக் காட்டுவாள். சதுப்பில் மக்கும் பொருள்களிலிருந்து எழும் வாயு பற்றிக்கொள்வதே அந்த ஒளி என்று மாணவர்கள் கூறுவர். பூங்குழலியும் பேய்க்கு அஞ்சுகிறவள் அல்லள் என்பதே நமக்கு முக்கியம்.

ஈழத்து வாசகருக்கு அவள்மீது தனி உரிமையும் உண்டு. வந்தியத்தேவனை இருளில் ஏற்றிக்கொண்டு அவள் துடுப்பு வலித்து வருவது நம் கரைக்குத்தான். சுழற்காற்றும் இடியும் ஓய்ந்த கடலிலே, எரிந்த கப்பலின் மரத்தைப் பற்றிக்கொண்டு மிதந்த இருவரைத் தேடிக் கண்டு படகில் ஏற்றுகிறவளும் அவளே. அவ்விருவரில் ஒருவர் பின்னாளில் இராசராசனாகப் போகிறவர். பேரரசன் ஒருவனின் உயிர் ஓடக்காரப் பெண்ணின் கைகளில் இருந்த அந்த நாழிகையை எழுதும்போது கல்கி அவள் இடையையும் கூந்தலையும் மறந்து, அவள் தோள்களின் வலிமையை மட்டும் நமக்கு உணர்த்துகிறார். இவளைப்போல் ஒருத்தியை அதற்கு முந்திய தமிழ் நவீனங்களில் நாம் சந்தித்ததில்லை.

இவையெல்லாம் வெறுங் கற்பனை என்பாரும் உளர். சீனக் கடலில் 1807 இல் கணவனை இழந்த செங் யீ சௌ என்பவள் மாபெரும் கொள்ளைக் கப்பற்படையை நடத்தினாள்; 1810 இல் அரசோடு பேரம்பேசி மன்னிப்புப் பெற்று, 1844 வரை உயிர் வாழ்ந்தாள். ஆன் பொனி, மேரி ரீட் என்ற இருவர் 1720 இல் ஜமெய்க்காவில் கடற்கொள்ளைக்காக விசாரிக்கப்பட்டனர். கொள்ளையை நாம் போற்றவில்லை. பெண்ணால் கப்பல் நடத்த முடியுமா என்ற வினாவுக்கு மட்டுமே இவர்கள் விடை.

நம்மவர் கதையோ வேறு. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல், அமெரிக்கர் ஒருவரால் வாங்கப்பட்டு, அவ்வூர் மாலுமிகளால் செலுத்தப்பட்டு 1938 இல் மசாச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர்த் துறையை அடைந்தது. எண்ணிப் பெருமைப்பட வேண்டிய செய்தி. ஆனால் கப்பலுக்குப் பெண் பெயர் வைத்தார்களேயன்றி, சுக்கானருகே பெண் ஒருத்தியை நிற்க விட்டார்களில்லை.

தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்து, ஊசி நூலால் தைத்து, மட்டை கட்டிப் பாதுகாத்த வீடுகள் அன்று பல. 1970களின் தொடக்கத்தில் இந்திய இதழ்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது அத்தொகுப்புகள் கைக்குக் கை மாறின. 1983 யூலையில் வீடுகளோடு அலுமாரிகளும் எரிந்தன. உயிர் தப்பியோர் பலர் 'லங்கா கல்யாணி' முதலிய கப்பல்களில் காங்கேசன்துறைக்கு அனுப்பப்பட்டனர். பூங்குழலியைப் படித்து வளர்ந்த பெண்கள் பலர்க்கு அதுவே முதற் கடற்பயணம். கையில் துடுப்பும் இல்லை, போகுமிடம் பற்றிய சொல்லும் இல்லை.

2023 ஒக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பற்சேவை தொடங்கப்பட்டது. கோடிக்கரைக்கு அண்மையிலுள்ள கடல்தான் அது. கதையில் பூங்குழலி மீட்ட இளவரசர் அடைக்கலம் பெற்றதும் அதே நாகபட்டினத்துச் சூடாமணி விகாரத்தில்தான். அப்பயணம் மேற்கொள்ளும் குடும்பங்கள் நூலின் இரண்டாம் பாகத்தைக் கையோடு கொண்டு செல்லலாம். சொந்தப் பிரதி இல்லாதோர்க்கு வெள்ளவத்தை 57 ஆம் ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் உண்டு. பிள்ளைகளோடு நீங்களும் செல்லுங்கள். 'கடல் புறா'வையும் சேர்த்தே கேளுங்கள்.