நாளை நடக்கப்போவதற்கு இன்று ஒரு தீர்ப்பு

நீதிமன்றங்களுக்குப் பழக்கமான கேள்வி, 'அன்றைக்கு என்ன நடந்தது?' என்பது. கொலை வழக்கானாலும் வரப்புத் தகராறானாலும், நடந்து முடிந்துபோன ஒன்றைத்தான் சாட்சிகளும் சான்றுகளும் சுற்றிச் சுற்றி வருகின்றன. அகதித் தஞ்சம் கேட்டு வருகிறவரின் கோப்பில் மட்டும் கேள்வி திசை மாறிவிடுகிறது: 'இவரைத் திருப்பி அனுப்பினால் இனி என்ன நடக்கும்?' முடிவெடுக்கும் அதிகாரி அந்த நாட்டில் கால் வைத்ததே இல்லாதவராக இருக்கலாம். எதிரே உட்கார்ந்திருப்பவரை முன்பின் பார்த்ததும் இல்லை. அவர் கையில் இருப்பது பெரும்பாலும் வந்தவரின் வாய்மொழி ஒன்றுதான்.

வானிலை மையமும் நாளையைத்தான் கணிக்கிறது. ஆனால் 'கனமழை பெய்யும்' என்று சொன்னால், மறுநாள் வானம் அதற்குப் பதில் சொல்லிவிடும். தப்பிய கணிப்பிலிருந்து அடுத்த கணிப்பு பாடம் கற்கும். தஞ்ச அதிகாரிக்கு அந்த மறுநாள் வருவதே இல்லை. மறுக்கப்பட்டுத் திரும்பிப் போனவர் என்ன ஆனார் என்ற செய்தி கோப்பில் வந்து சேர்வதில்லை. அனுமதி பெற்றவர் ஊர் திரும்பியிருந்தால் என்ன ஆகியிருப்பார் என்பதை யாராலும் அறிய முடியாது. சரிபார்க்க விடைத்தாளே இல்லாத கணக்கை ஆயிரக்கணக்கில் போடவேண்டிய இந்த வேலையை அரசுகள் எப்படிச் செய்கின்றன?

அடிப்படை விதி 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை. இரண்டாம் உலகப் போரால் இடம்பெயர்ந்த ஐரோப்பியர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது அது. 1967இல் சேர்த்த நெறிமுறை அதன் கால எல்லையையும் இட எல்லையையும் நீக்கி, உலகம் முழுமைக்கும் பொருந்தச் செய்தது. இனம், மதம், தேசிய இனம், ஒரு குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல், அரசியல் கருத்து ஆகிய ஐந்தில் ஏதேனும் ஒரு காரணத்துக்காகத் தான் துன்புறுத்தப்படலாம் என்ற 'தகுந்த ஆதாரமுள்ள அச்சம்' ஒருவருக்கு இருக்க வேண்டும். வறுமை இந்தப் பட்டியலில் இல்லை. குண்டு விழும் ஊரிலிருந்து ஓடிவந்தது மட்டுமே போதாது. அந்த ஆபத்து ஐந்தில் ஒரு காரணத்தோடு முடிச்சுப் போடப்பட வேண்டும்.

இந்த உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. 1983க்குப் பிறகு ராமேசுவரம் கரையில் வந்து இறங்கிய இலங்கைத் தமிழர்களை அரசு ஒரு கூட்டமாகவே ஏற்று முகாம்களில் தங்கவைத்தது. ஒவ்வொருவரையும் தனித்தனியே உட்காரவைத்து 'உன் அச்சத்தை நிரூபி' என்று கேட்கவில்லை. அதே ஆண்டுகளில் லண்டனுக்கும் டொராண்டோவுக்கும் போன தமிழர்கள் தனித்தனிக் கோப்புகள் ஆனார்கள்.

அச்சத்துக்கு ஆதாரம் என்றால் எவ்வளவு ஆதாரம்? இதற்கு நீதிமன்றங்கள் சொன்ன பதில் நாம் எதிர்பார்ப்பதைவிட மிகத் தாழ்வானது. 1987இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நிகராகுவாப் பெண் ஒருவரின் வழக்கில், துன்புறுத்தப்படும் வாய்ப்பு 50 சதவீதத்துக்கு மேல் இருந்தாக வேண்டும் என்ற அரசின் வாதத்தை ஏற்கவில்லை. சட்ட அறிஞர் ஒருவரின் கற்பனை எடுத்துக்காட்டை அது துணைக்கு அழைத்தது. ஒரு நாட்டில் வயதுவந்த ஆண்களில் பத்துக்கு ஒருவர் கொல்லப்படுகிறார் அல்லது தொலைதூர உழைப்பு முகாமுக்கு அனுப்பப்படுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து தப்பி வந்தவருக்குத் திரும்பிப்போக அச்சம் இருக்காதா? அதே ஆண்டு டிசம்பரில், தஞ்சம் மறுக்கப்பட்ட இலங்கைத் தமிழர்களின் வழக்கில் அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபையும் ஒரு அளவுகோலைக் கொடுத்தது. அச்சம் மனத்தளவில் உண்மையாக இருந்தால் போதாது, வெளியே இருக்கும் நிலைமையை வைத்து அதை எடைபோட வேண்டும் என்றது. ஆனால் துன்புறுத்தல் நேரும் என்பதற்கு 'நியாயமான அளவு வாய்ப்பு' இருந்தாலே போதும் என்றும் சொன்னது.

படியை இவ்வளவு தாழ்த்தி வைத்ததற்குக் காரணம் இரக்கம் மட்டுமல்ல, கணக்கும்தான். பொய் சொன்ன ஒருவருக்கு அனுமதி கொடுத்துவிட்டால் நாட்டில் ஒரு ஆள் கூடுதலாக இருப்பார். உண்மை சொன்ன ஒருவரைத் திருப்பி அனுப்பிவிட்டால் ஓர் உயிர் போகலாம். இரண்டு பிழைகளின் விலையும் ஒன்றல்ல என்றால், தராசையும் நடுவில் நிறுத்தக் கூடாது. பிரிட்டன் 2022இல் கொண்டுவந்த சட்டம் இந்தத் தராசை இரண்டாகப் பிரித்தது. விண்ணப்பதாரர் தன்னைப் பற்றிச் சொல்வதும், அவர் உண்மையிலேயே அஞ்சுகிறாரா என்பதும் பாதிக்கு மேல் நம்பத்தக்கதாக இருக்க வேண்டும். இனி நேரக்கூடிய ஆபத்துக்கு மட்டும் பழைய தாழ்ந்த படி. கதவு அகலமாகத்தான் இருக்கிறது, வாசற்படி உயர்ந்துவிட்டது.

அந்தப் படியைத் தாண்டும் இடம் நேர்காணல் அறை. வந்து இறங்கியதும் பெயர், பிறந்த தேதி, வந்த வழி, கைரேகை, பிரச்சினையைப் பற்றி இரண்டொரு வரி என்று ஒரு சின்ன நேர்காணல் நடக்கும். பல மாதங்கள், சில நேரம் ஆண்டுகள் கழித்து 'பெரிய இன்டர்வியூ' வரும். மொழிபெயர்ப்பாளரை நடுவில் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் கேள்விகள். வெள்ளை வேனில் வந்தவர்கள் எத்தனை பேர்? அறையில் ஜன்னல் இருந்ததா? எத்தனையாவது நாள் விட்டார்கள்? பிறகு இரண்டு நேர்காணல்களின் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள். அங்கே நான்கு பேர், இங்கே மூன்று பேர் என்றால், மறுப்புக் கடிதத்தில் அது ஒரு பத்தி ஆகிவிடும்.

இந்த ஒப்பீட்டின் அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது: உண்மையாக நடந்ததை மனிதர் ஒரே மாதிரிதான் சொல்வார். லண்டனைச் சேர்ந்த உளவியல் ஆய்வாளர்கள் சிலர் இதைச் சோதித்துப் பார்த்து 2002இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்தது பொய் சொல்லக் காரணமே இல்லாதவர்களை. கொசோவோவிலிருந்தும் போஸ்னியாவிலிருந்தும் வந்து, பிரிட்டனில் தங்க ஏற்கெனவே அனுமதி பெற்றிருந்த 43 அகதிகள். தங்களுக்கு நேர்ந்த ஒரு கொடிய நிகழ்வையும் ஒரு சாதாரண நிகழ்வையும் அவர்கள் இரண்டு முறை, இடைவெளி விட்டுச் சொன்னார்கள். அவர்களின் விவரிப்புகளிலும் முரண்பாடுகள் சகஜமாக இருந்தன. நிகழ்வின் மையத்தைவிட ஓரத்து விவரங்களில்தான் மாற்றம் அதிகம். அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தம் கடுமையாக இருந்தவர்களுக்கு, இரண்டு நேர்காணலுக்கும் நடுவிலான காலம் கூடக்கூட முரண்பாடுகளும் கூடின. ஓரத்து விவரங்களைத் துருவிக் கேட்பது, அதுவும் பல மாதம் விட்டுக் கேட்பது, உண்மை சொல்கிறவரைத்தான் முதலில் சிக்கவைக்கும் என்று ஆகிறது.

'முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்' என்ற நம்பிக்கைக்கும் இதே கதிதான். பொய்யையும் மெய்யையும் பிரித்தறியும் திறன் குறித்து நடந்த ஏராளமான சோதனைகளை ஒன்றுதிரட்டி 2006இல் இரண்டு உளவியலாளர்கள் ஆராய்ந்தார்கள். மனிதர்கள் சராசரியாக 54 சதவீதம்தான் சரியாகச் சொல்லியிருந்தார்கள். நாணயத்தைச் சுண்டிப் பார்த்தாலே 50 கிடைக்கும்.

வாய்மொழி தடுமாறும் இடத்தில் உடம்பு சாட்சி சொல்ல முடியுமா? இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கு 2019இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் வரை போனது. அவர் முதுகில் ஐந்து நீண்ட தழும்புகள், கையில் இரண்டு சிறியவை. காவலில் வைத்துப் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சுட்டார்கள் என்பது அவர் சொன்னது. பரிசோதித்த மருத்துவர் தழும்புகளின் விளிம்பைக் கவனித்தார். கைத் தழும்புகளின் ஓரம் கலங்கியிருந்தது. சூடு பட்டதும் கை துடித்து விலகினால் அப்படித்தான் ஆகும். முதுகில் இருந்தவற்றின் ஓரமோ கோடு கிழித்தாற்போலக் கூர்மை. உடம்பு அசையாமல் கிடந்திருக்க வேண்டும். கையில் சுட்டபோதே மயங்கிவிட்டேன் என்று அவர் சொன்னதோடு இது பொருந்தியது. ஆனால் தீர்ப்பாயம் அதே கூர்மையை வேறு விதமாகப் படித்தது. தஞ்சத்துக்காக அவரே ஆள் வைத்து, மயக்க மருந்து கொடுக்கச் செய்து, சுட்டுக்கொண்டிருக்கலாமே என்று சந்தேகித்து மறுத்துவிட்டது.

சித்திரவதைத் தடயங்களை மதிப்பிட மருத்துவர்கள் கையாளும் 'இஸ்தான்புல் நெறிமுறை', 1999இல் ஐ.நா.விடம் அளிக்கப்பட்டது. ஒரு தழும்புக்கும் அதற்குச் சொல்லப்படும் காரணத்துக்கும் உள்ள உறவை அது ஐந்து படிகளில் சொல்லச் சொல்கிறது: பொருந்தாது, பொருந்தும், மிகவும் பொருந்தும், இக்காரணத்தால் வழக்கமாக ஏற்படுவது, இதைத் தவிர வேறு காரணம் இருக்க முடியாது. நடுப்படிகளில் எதைச் சொன்னாலும் மாற்றுக் காரணத்துக்கு ஓர் இடுக்கு இருந்துகொண்டே இருக்கும். அந்த இடுக்கில்தான் தீர்ப்பாயத்தின் சந்தேகம் நுழைந்தது. அஞ்சத்தக்க வலியும் ஆபத்தும் நிறைந்த இப்படியொரு காரியத்தை ஆள் வைத்துத் தனக்குத்தானே செய்துகொள்வது மிக மிக அரிது, அந்த அரிய வாய்ப்புக்கு அளவுக்கு மீறி எடை கொடுக்கக் கூடாது என்ற நோக்கில் உச்ச நீதிமன்றம் மறு விசாரணைக்கு உத்தரவிட்டது.

இதுவரை பார்த்தது விண்ணப்பதாரரின் நினைவும் உடம்பும். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரையும் ஆய்வாளர்கள் விட்டுவைக்கவில்லை. அமெரிக்கச் சட்டப் பேராசிரியர்கள் மூவர் 1,40,000க்கும் மேற்பட்ட தஞ்ச முடிவுகளை அலசி 2007இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மயாமியில் ஒரே கட்டடத்தில், கொலம்பியாவிலிருந்து வந்தவர்களுக்கு ஒரு நீதிபதியிடம் தஞ்சம் கிடைக்கும் வாய்ப்பு 5 சதவீதம். இன்னொரு நீதிபதியிடம் 88 சதவீதம். எந்த நீதிபதியிடம் கோப்பு போகும் என்பதை விண்ணப்பதாரர் முடிவுசெய்வதில்லை.

2016இல் வெளியான இன்னோர் ஆய்வு இன்னும் வேடிக்கையானது. முந்தைய விண்ணப்பத்தை ஏற்ற நீதிபதி, அடுத்து வருவதை மறுக்கும் வாய்ப்பு 3.3 சதவீதப் புள்ளிகள் வரை கூடுகிறதாம். இரண்டு கோப்புக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. தொடர்ந்து பூ விழுந்தால் அடுத்தது தலைதான் என்று நினைக்கும் அதே மயக்கம். இந்திய வங்கிக் கடன் அதிகாரிகளிடமும், அமெரிக்க பேஸ்பால் நடுவர்களிடமும் இதே போக்கை அதே ஆய்வாளர்கள் கண்டார்கள்.

இந்த ஊசலாட்டத்தைக் குறைக்க அரசுகள் சில வழிகளைக் கண்டிருக்கின்றன. பிரிட்டனின் மேல் தீர்ப்பாயம் ஒரு நாட்டைப் பற்றிய சான்றுகளை மொத்தமாகக் கேட்டு, அந்த நாட்டவரின் எல்லா வழக்குகளுக்கும் பொதுவான வழிகாட்டுத் தீர்ப்பு தருகிறது. இலங்கையைப் பற்றி 2013இல் வந்த தீர்ப்பு, கொழும்பு விமான நிலையக் கணினியில் கைது ஆணை உள்ளவர்களுக்கு ஒரு 'நிறுத்தப் பட்டியல்', கண்காணிக்கப்படுவோருக்கு ஒரு 'கவனிப்புப் பட்டியல்' உண்டு என்பது வரை விவரித்தது. நாட்டு நிலவரத்தைப் பொறுத்தவரை, அதற்குப் பிறகு ஒவ்வோர் அதிகாரியும் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை. ஆனால் எதிரே இருப்பவர் அந்தப் பட்டியலில் இருக்கக்கூடியவரா என்ற கேள்வி பழையபடி வாய்மொழியில்தான் வந்து நிற்கும்.

முன்பு சொன்ன பிரபுக்கள் சபைத் தீர்ப்புக்குப் பிறகு, 1988 பிப்ரவரியில் அந்த வழக்கின் ஐந்து தமிழர்கள் இலங்கைக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அப்போது வடக்கில் இந்திய அமைதிப்படை இருந்தது. 1989இல் மேல்முறையீட்டை விசாரித்த அதிகாரி அவர்களுக்குத் தஞ்சம் பெறும் தகுதி இருந்தது என்று தீர்ப்பளிக்க, அவர்கள் மறுபடி பிரிட்டனுக்கு வந்தார்கள். ஐவரில் மூவர், திரும்பிப் போன இடத்தில் தாங்கள் கொடுமைப்படுத்தப்பட்டதாகச் சொன்னார்கள். வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனது. 1991இல் அது பிரிட்டனைக் குற்றம் காணவில்லை. அப்படி நடந்திருந்தாலும், நடக்கும் என்று முன்கூட்டியே ஊகிக்கும்படியான தனி அடையாளம் எதுவும் அவர்கள் வழக்கில் இருக்கவில்லை என்பது அதன் நிலை.

சட்டத்தின் தர்க்கப்படி இதில் கோணல் இல்லை. ஒரு கணிப்பை, அது சொல்லப்பட்ட நாளில் தெரிந்திருந்ததை வைத்துத்தான் மதிப்பிட வேண்டும். ஆனால் கணிப்புகளைச் செம்மைப்படுத்த நினைக்கிறவருக்கு அடுத்த கேள்வியும் முக்கியம்: எத்தனை கணிப்பு தப்பியது? திருப்பி அனுப்பப்பட்டவர்களை அரசுகள் பொதுவாகப் பின்தொடர்வதில்லை. யாருக்கு அஞ்சி ஓடினாரோ அவர்களிடமே போய் விசாரித்தால் அதுவே ஆபத்தாகிவிடும் என்பது உண்மையான சிக்கல்தான். ஆக, பிழை எவ்வளவு என்று அளக்க இந்தத் துறைக்குக் கருவி இல்லை. அந்தக் கருவிக்குப் பதிலாகத்தான் தாழ்ந்த படியும், காரணம் எழுதித் தரும் கடமையும், இன்னொருவர் புதிதாகப் பார்க்கும் மேல்முறையீடும் இருக்கின்றன. கோப்புகள் குவிந்துகிடக்கின்றன, வேகம் வேண்டும் என்று ஓர் அரசு சொல்லும்போது முதலில் கத்தி விழுவது பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றின் மீதுதான். அப்படி வெட்டினால் பிழை கூடுமா என்று கேட்டால், 'தெரியாது' என்பதுதான் நேர்மையான பதில். தெரியாத இடத்தில் வெட்டுவது எவ்வளவு பெரிய துணிச்சல் என்பதை அந்த ஐந்து பேரின் பயணம் சொல்கிறது.