சயாம் மரண ரயில்: பேர் எழுதாமப் போன நம்ம ஆளுங்க

இரண்டாம் உலகப்போர்னு சொன்னா உங்களுக்கு முதல்ல என்ன ஞாபகம் வருது? ஹிட்லர், ஹிரோஷிமா, 'ஓப்பன்ஹைமர்' படம். அதே போர்ல, கையில துப்பாக்கியே பிடிக்காத பல்லாயிரம் தமிழர்கள் ஒரு ரயில் பாதை போடப் போய்ச் செத்தாங்க. சயாம்–பர்மா மரண ரயில்னு அதுக்குப் பேரு. நம்ம கிளாஸ்ல எத்தனை பேருக்கு இது தெரியும்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க. கை தூக்குறவங்களை ஒரு கை விரல்லயே எண்ணிடலாம்.

ஜப்பானுக்கு எதுக்கு இந்தப் பாதை?

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தது. மலேயா முழுக்க அவங்க கையில. அடுத்து பர்மா, அதுக்கு அடுத்து இந்தியா என்பது திட்டம். பர்மாவில் இருந்த படைக்கு அரிசியும் ஆயுதமும் கப்பல்ல மலாக்கா நீரிணை வழியா சுத்திப் போகணும். அந்தக் கடல்ல எதிரிகளின் நீர்மூழ்கிக் கப்பல் பயம். அதனால தரை வழியா ஒரு ரயில் பாதை போட முடிவு பண்ணாங்க. தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியுசயாட் வரை, 415 கி.மீ., மீட்டர் கேஜ். வழியெல்லாம் மலை, மூங்கில் காடு, ஆறு, மலேரியா.

இந்த நீளம் எவ்வளவுன்னு புரிய, நமக்குப் பக்கத்துல இருக்கிற செங்கோட்டை–புனலூர் பாதையை எடுத்துக்கோங்க. ஆரியங்காவு குகையும் பதிமூணு கண் பாலமும் இருக்கிற அந்த மலைப் பாதை சுமார் 50 கி.மீ.தான். ஏற்கெனவே இருந்த அந்தப் பாதையை அகலப்படுத்தி 2018-ல் திறக்கவே பல வருஷம் ஆச்சு. அதைப்போல எட்டு மடங்கு நீளத்தைப் புதுசா 14 மாசத்துல போட்டு முடிக்க ஜப்பான் ராணுவம் கணக்குப் போட்டது.

1942 நடுவில் ரெண்டு முனையிலும் வேலை ஆரம்பிச்சு, 1943 அக்டோபர் 17 அன்று ரெண்டு பக்கத் தண்டவாளமும் சந்திச்சது. 600-க்கும் மேல பாலங்கள், பெரும்பாலும் மரத்தாலானவை. தண்டவாளத்துல ஒரு பகுதி மலேயாவின் கிழக்குக் கரைப் பாதையைப் பெயர்த்துக் கொண்டு வந்தது. மெஷின் ரொம்பக் குறைவு. கடப்பாரை, மண்வெட்டி, கூடை, சம்மட்டி, சில யானைகள். மீதி எல்லாம் மனுஷ உடம்புதான்.

ஆள் எப்படிச் சேர்த்தாங்க?

பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல இருந்தாங்க. அவங்க பத்தலை. அதனால பர்மியர், ஜாவாக்காரர், மலாய்க்காரர், சீனர், தமிழர்னு ஒன்றே முக்கால் லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசியத் தொழிலாளர்களைக் கொண்டு வந்தாங்க. ஜப்பானிய மொழியில் 'ரோமுஷா'. மலேயாவிலிருந்து மட்டும் 75,000 பேருக்கு மேல. அதுல பெரும்பாலானவங்க ரப்பர் தோட்டத் தமிழர்கள்.

இவங்க யாரு? திருச்சி, தஞ்சாவூர், சேலம் பக்கத்துக் கிராமங்கள்லயிருந்து கங்காணி பேச்சைக் கேட்டு நாகப்பட்டினத்துல கப்பல் ஏறினவங்க, அவங்க பிள்ளைகள். போர் வந்ததும் ரப்பர் விக்கிற வழி அடைச்சுப் போச்சு. வெள்ளைக்காரத் துரைமார் போயிட்டாங்க. தோட்டத்துல வேலை இல்லை, அரிசி இல்லை. அப்பதான் ஆள் கேட்டு வந்தாங்க. மூணு மாச வேலை, ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி சம்பளம், சாப்பாடு, தங்க இடம், குடும்பத்தோடயும் வரலாம்னு சொன்னாங்க.

முதல்ல போனவங்க யாரும் திரும்பி வரலை. அதனால அடுத்த தடவை ஆள் கிடைக்கலை. பிறகு தோட்டத்துக்கு இத்தனை பேர்னு கணக்கு வெச்சு இழுத்துட்டுப் போனாங்க. இலவசமா சினிமா காட்டுறோம்னு கூட்டி வந்து, கதவைப் பூட்டி, அப்படியே லாரியில ஏத்தினதா பிழைச்சவங்க சொல்லியிருக்காங்க. அங்கிருந்து சரக்கு ரயில் பெட்டிகள்ல நெருக்கி அடைச்சு, நாலஞ்சு நாள் பயணம்.

காட்டுக்குள்ளே

1943 தொடக்கத்துல மேலிடம் கெடுவை இன்னும் முன்னாடி இழுத்தது. 'ஸ்பீடோ, ஸ்பீடோ'ன்னு காவலாளிகள் கத்துவாங்களாம், அந்தக் காலத்துக்கே அதுதான் பேரு. பாறை உடைக்கிறது, மண் சுமக்கிறது, இடுப்பளவு தண்ணியில பாலத்துக்குக் கட்டை நடுறது. கொஞ்சம் அரிசிச் சோறு, அதோட அடி.

மே மாசம் மழையோட காலரா வந்தது. போர்க்கைதிகளுக்குள்ள ராணுவ டாக்டர்கள் இருந்தாங்க. தண்ணியைக் காய்ச்சிக் குடிக்கணும், கழிவுக்குழியை மூடணும்னு அதிகாரிகள் கட்டளை போட முடிஞ்சது. மருந்து இல்லாட்டியும் அந்த ஒழுங்கு நிறைய உயிரைக் காப்பாத்துச்சு. நம்ம ஆளுங்களுக்கு டாக்டரும் இல்லை, சொல்லித் தர ஆளும் இல்லை. அவங்க முகாம்கள் கூட்டம் கூட்டமா காலியாச்சு. சில இடங்கள்ல உயிர் போறதுக்கு முன்னாடியே குழியில தள்ளினாங்கன்னு பிழைச்சவங்க சொல்றாங்க.

போர்க்கைதிகள்ல இறந்தவங்க 12,000 பேருக்கு மேல. ஆசியத் தொழிலாளர்கள்ல 80,000 முதல் ஒரு லட்சம் வரை என்பது மதிப்பீடு. குறைஞ்ச கணக்கையே வெச்சு வகுத்துப் பாருங்க. பாதை நெடுக ஏறக்குறைய அஞ்சு மீட்டருக்கு ஒரு ஆசியத் தொழிலாளி.

அப்புறம் ஏன் தெரியலை?

முதல் தொகையை '12,000-க்கு மேல'ன்னு கிட்டத்தட்டச் சொல்ல முடியுது. ரெண்டாவதுல 20,000 பேர் இடைவெளி விழுது. காரணம், முதல் கூட்டத்துல பேர் எழுதி வெச்சவங்க இருந்தாங்க. உயிரைப் பணயம் வெச்சு டைரியும் பட்டியலும் ஒளிச்சு வெச்சாங்க. போர் முடிஞ்சதும் அதை வெச்சுக் கல்லறைகளைத் தேடிப் போனாங்க. இன்னைக்குக் காஞ்சனபுரி போர்க் கல்லறையில கிட்டத்தட்ட 7,000 கல்லறைகள், வரிசை வரிசையா, பெரும்பாலும் பேரோட. நம்ம ஆளுங்களுக்கு அப்படி ஒரு பட்டியலும் இல்லை. 1990-ல் காஞ்சனபுரியில ஒரு வயல்ல தோண்டினப்போ நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் ஒரே குழியில கிடைச்சது.

1957-ல் 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படம் வந்து ஏழு ஆஸ்கர் வாங்குச்சு. இலங்கையில கித்துல்கலவில் எடுத்த படம், ஆனா கதை முழுக்க வெள்ளைக்காரக் கைதிகள். அந்தப் பாலம் இருந்த ஆத்துக்கு நிஜப் பேரு மே குளோங். படம் பார்த்துட்டு வர்ற டூரிஸ்ட்டுகளுக்காக அந்தப் பகுதிக்கு குவே யாய்னு பேர் மாத்தினாங்க. ஒரு சினிமாவுக்காக ஆத்துக்கே புதுப் பேர் கிடைச்சது. செத்தவங்களுக்கு இருந்த பேர்கூட மிஞ்சலை.

இன்னொரு காரணமும் இருக்குன்னு நினைக்கிறேன். அதே தோட்டங்கள்லயிருந்துதான் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்துலயும் ஆயிரக்கணக்கான தமிழர்கள் சேர்ந்தாங்க. அந்த ராணுவத்துக்குத் துணை நின்ற ஜப்பான்தான் இவங்களைக் காட்டுக்கு இழுத்துட்டுப் போச்சு. ரெண்டையும் ஒரே பாடத்துல சொல்ல நமக்குச் சங்கடம். ஆனா ரெண்டுமே நடந்தது, ரெண்டுமே நம்ம வரலாறு.

நாம என்ன செய்யலாம்?

மலேசியாவுல ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்'னு நாவல் எழுதினார், தேடிப் படிங்க. 2023-ல் தாய்லாந்துத் தமிழர்கள் காஞ்சனபுரியில ஒரு நடுகல் வெச்சாங்க. நடுகல்லுன்னா நம்ம மரபுல செத்தவனோட பேரும் ஊரும் பொறிக்கணும். இதுல பொறிக்க அந்தப் பேர்கள் நம்மகிட்ட இல்லை.

அது எங்கயாவது மிஞ்சியிருந்தா நம்ம வீடுகள்லதான் மிஞ்சியிருக்கும். அந்தப் பாதையில பத்து வயசுப் பிள்ளையா இருந்தவங்களுக்கு இப்போ தொண்ணூறு தாண்டியிருக்கும். அதனால அடுத்த லீவுக்கு ஊருக்குப் போறப்போ தாத்தா, ஆச்சிகிட்ட ஒரு கேள்வி கேளுங்க: "நம்ம சொந்தத்துல மலேயாவுக்குப் போய்த் திரும்பி வராதவங்க யாராவது உண்டா?" உண்டுன்னு சொன்னா போனை எடுத்து ரெக்கார்ட் பண்ணுங்க. பேர், ஊர், எந்தத் தோட்டம், கடைசிக் கடிதம் எப்போ வந்துச்சு. பழைய கடிதமோ போட்டோவோ டிரங்குப் பெட்டியில இருந்தா ஸ்கேன் பண்ணி வைங்க. நம்ம இதழுக்கும் அனுப்புங்க, பேரோட வெளியிடுறோம்.