வே ஆற்றில் ஒரு பகல்

இங்கிலாந்தின் தென்பகுதியில் வே என்னும் சிற்றாறு அமைதியாக ஓடுகிறது. 1653-ஆம் ஆண்டிலேயே கில்ட்ஃபர்டு நகர் வரை அதனைப் படகுகள் செல்லத் தக்கதாக்கினர். ஏழடி அகலமே உள்ள நீண்ட படகொன்றில் நண்பர் மூவருடன் அதில் ஒரு பகல் சென்றேன். கரையில் நடப்போர் எங்களை முந்தினர், எங்களுக்கும் அவசரமில்லை.

ஆற்றின் மட்டம் தாழும் இடங்களில் இரு கதவுகளுக்கிடையே ஒரு நீர்த்தொட்டி உண்டு. படகு புகுந்ததும் மேற்கதவை அடைத்துக் கீழ்க்கதவின் மதகைத் திறப்பர். நீர் வடிய, படகும் மெல்ல இறங்கும். ஆனால் மேற்கதவின் அடியில் ஒரு படி நீருள் மறைந்திருக்கிறது. படகின் பின்புறம் அதன்மேல் தங்கிவிட்டால் முன்புறம் சாய்ந்து மூழ்கிவிடும்.

சுக்கான் பிடித்திருந்த நான் பேச்சில் மயங்கிப் படகைப் பின்னே நழுவவிட்டேன். கரையிலிருந்த நண்பர் கண்டு கூவி, மதகை அடைத்தார். திரும்பிப் பார்த்தேன், ஒரு சாணே இடைவெளி. அதன்பின் மாலைவரை என் தேநீரும் சுக்கானடிக்கே வந்தது.