பருத்திக் கணக்கை நாமே எழுதுவோம்

'உழுதவன் கணக்குப் பார்த்தா உழக்குகூட மிஞ்சாது' என்பார்கள். அதனாலோ என்னவோ, நம்மில் பலர் கணக்கு எழுதுவதே இல்லை. நாம எழுதாத கணக்கை இப்போ வேறு ஆட்கள் எழுதுகிறார்கள்.

சிறுவாச்சூர் பக்கம் கரிசக்காட்டில் புரட்டாசியில் விதைத்த பருத்தி, தை, மாசியில் வெடிக்கிறது. அது சட்டையாகி, நைந்து, குப்பைக்குப் போகும்வரை மண்ணுக்கும் தண்ணிக்கும் காற்றுக்கும் என்ன செலவு வைக்கிறது? இதைக் கூட்டிப் பார்ப்பதுதான் 'வாழ்நாள் கணக்கு'. இதற்கு ஐ.எஸ்.ஓ. 14040 என்ற உலகத் தரவிதி 1997 முதல் இருக்கிறது. விதை, உரம், உழவு, அரவை, நூற்பு, சாயம், லாரி, துவைப்பு எல்லாம் இதில் சேரும். எதையாவது விட்டுவிட்டால் கணக்கு அழகாக இருக்கும், உண்மையாக இருக்காது. சாயத்தை விட்டுவிட்டுப் போட்ட கணக்கை நொய்யல் கரை விவசாயி ஒத்துக்கொள்வாரா?

'ஒரு கிலோ பருத்தித் துணிக்கு 10,000 லிட்டர் தண்ணி' என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அது உலகச் சராசரி. பாசனத் தண்ணி, செடி குடித்த மழை, கழிவை நீர்க்கச் செய்யத் தேவைப்படும் தண்ணி மூன்றும் சேர்ந்த எண். நம்ம மானாவாரிப் பருத்தி வானத்துத் தண்ணியைக் குடித்து வளருது. போர்த் தண்ணி ஒரு சொட்டு கேட்கலை. ஆனாலும் சராசரியில் நம்ம தலையிலும் அதே எண்தான்.

சராசரி நமக்குச் சாதகமாக இருந்தாலும் செல்லாது. இயற்கைப் பருத்திச் சட்டை சுற்றுச்சூழலுக்குக் குறைந்த கேடு செய்வதாக, உலகச் சராசரியைக் காட்டி ஒரு நிறுவனம் விளம்பரம் செய்தது. அந்தச் சட்டைக்கே உரிய கணக்கு இல்லாததால் அது திசைதிருப்பும் விளம்பரம் என்று நார்வே நாட்டு நுகர்வோர் ஆணையம் 2022-ல் சொல்லிவிட்டது.

நம்ம கணக்கு எப்படி இருக்கும்? 45 கிலோ யூரியா மூட்டையில் தழைச்சத்து சுமார் 20.7 கிலோ. பொதுவான கணக்குப்படி அதில் 100-க்கு 1 பங்கு நைட்ரஸ் ஆக்சைடாக மண்ணிலிருந்து கிளம்பும். அந்த வாயு கரியமில வாயுவைப் போல் 273 மடங்கு சூடேற்றும். ஆக, ஒரு மூட்டைக்குச் சுமார் 90 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். யூரியா ஆலையில் எரியும் எரிவாயு தனி. டிராக்டரில் எரியும் ஒவ்வொரு லிட்டர் டீசலுக்கும் சுமார் 2.7 கிலோ.

யூரியாவை விட்டோம் என்பதோடு நின்றுவிடவும் கூடாது. தொழு உரத்திலிருந்தும் அந்த வாயு கொஞ்சம் கிளம்பும். விளைச்சல் பாதியானால், உழவு டீசலின் சுமை கிலோவுக்கு இரட்டிப்பாகும். அதனால் எடுத்த பருத்தியின் எடையையும் மறைக்காமல் எழுதணும்.

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். விதை, எரு, உழவு ஓட்டிய மணி, டீசல், பாய்ச்சிய தண்ணி, பெய்த மழை, எடுப்புக்கு எடுப்பு எடை. வர்ற ஆவணியில் முதல் உழவு அன்றைக்கே ஆரம்பிங்க. நாளைக்கு வாங்க வருபவர் சராசரியை நீட்டினால், நாம நோட்டை நீட்டலாம்.