பிரம்புக்கு இஜாஸத்தா?



பிள்ளையை மத்ரஸாவில் சேர்க்க வரும்போது, "கண்ணை மட்டும் விட்டுவிட்டு அடித்துச் சொல்லிக் கொடுங்கள், ஹஸரத்" என்று உங்களில் சிலர் சொல்வதுண்டு. எங்கள் மீதுள்ள நம்பிக்கையில் வரும் வார்த்தை அது. அதைப் பிரம்புக்குக் கிடைத்த இஜாஸத்தாக எடுத்துக்கொண்டவர்களில் நானும் ஒருவன்.

படிப்பிக்கத் தொடங்கிய முதல் வருடம். பின்வாங்கில் இருந்த ஒரு சிறுவன் கரும்பலகையில் உள்ளதை எப்போதும் பிழையாகவே கொப்பியில் எழுதுவான். கவனமில்லை என்று அடித்தேன். மூன்று நாள் அவன் வரவில்லை. நாலாம் நாள் உம்மா வந்தார். சண்டை பிடிக்கவில்லை. "மகனுக்குத் தூரத்தில் இருப்பது தெரியாதாம். டொக்டர் கண்ணாடி எழுதித் தந்திருக்கிறார். முன்வாங்கில் இருத்துவீர்களா?" என்று மட்டும் கேட்டார். அவன் ஏன் இதை என்னிடம் சொல்லவில்லை? சொல்ல நான் இடம் வைக்கவில்லை.

இத்தனைக்கும் முஆவியா இப்னுல் ஹகம் (ரழி) அவர்களின் ஹதீஸை ஸஹீஹ் முஸ்லிமில் ஓதி முடித்தவன் நான்! இஸ்லாத்துக்குப் புதியவரான அவர், ஜமாஅத் தொழுகையில் ஒருவர் தும்மியதும் சத்தமாகப் பதில் துஆச் சொல்லிவிட்டார். மற்றவர்கள் முறைத்தார்கள், தொடையில் தட்டி அவரை அடக்கினார்கள். தொழுகை முடிந்ததும் நபி (ஸல்) அவர்கள் ஏசவுமில்லை, அடிக்கவுமில்லை. தொழுகையில் மனிதப் பேச்சுக் கூடாது என்று எடுத்துச் சொன்னார்கள், அவ்வளவுதான். அவர்களைப் போன்ற ஓர் ஆசிரியரை முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை என்று அந்த ஸஹாபி சாட்சி சொன்னார்.

நாம் பெரும்பாலும் இத்துடன் பயானை நிறுத்திவிடுகிறோம். அந்த ரிவாயத்திலே அதற்குப் பிறகுதான் விஷயம் இருக்கிறது. பயம் தெளிந்த அவர் குறிகாரர்களைப் பற்றிக் கேட்கிறார், சகுனம் பற்றிக் கேட்கிறார். கடைசியில், ஆடு மேய்த்த தன் அடிமைப் பெண்ணை, ஓநாய் ஓர் ஆட்டைக் கொண்டுபோன கோபத்தில் அறைந்துவிட்டதையும் தானாகவே சொல்கிறார். நபியவர்கள் அதைப் பாரதூரமாகக் கருதவே, அவளை விடுதலை செய்யவும் முன்வருகிறார். ஏச்சு வாங்கியிருந்தால் இவ்வளவும் வெளியே வந்திருக்குமா?

மாணவரிடம் தன் பிள்ளையிடம் போல் இரக்கம் காட்டுவதையே ஆசிரியரின் முதற் கடமையாக இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் எழுதினார்கள். நமது நாட்டுப் பாடசாலைகளில் உடல் தண்டனையைத் தடுத்து 2005ஆம் ஆண்டு கல்வி அமைச்சும் சுற்றறிக்கை அனுப்பியது. சுற்றறிக்கை வரும்வரை நாங்கள் காத்திருந்திருக்க வேண்டியதில்லை.

தாய்மார்களே, அடுத்த முறை பிள்ளையைக் கொண்டுவரும்போது அந்தப் பழைய வார்த்தையை விட்டுவிடுங்கள். பார்வைக் குறைவு, காது மந்தம், வெளிநாடு போன வாப்பாவை நினைத்து இரவில் அழுவது, இவை உங்களுக்குத்தான் தெரியும். அதை எங்களிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.