தீவுக்கு அல்ல, கடலுக்கே சண்டை

காஸ்டெல்லோரிசோ தீவில் சில நூறு கிரேக்கர்கள் வாழ்கிறார்கள். எதிரே இரண்டே கிலோமீட்டரில் துருக்கிக் கரை. பக்கத்துப் பெரிய கிரேக்கத் தீவான ரோட்ஸோ 120 கிலோமீட்டருக்கு அப்பால். அதனால் காய்கறி வாங்கத் தீவுக்காரர்கள் படகேறிப் போவது துருக்கியின் காஷ் ஊர்ச் சந்தைக்கு.

1947 பாரிஸ் உடன்படிக்கையில் இத்தாலி விட்டுக்கொடுத்த இந்தத் தீவு கிரேக்கத்துடையது என்பதில் பெரிய தகராறு இல்லை. சுற்றியுள்ள கடல் எதுவரை அதனுடையது என்பதில்தான் சண்டை. மக்கள் வாழும் தீவுக்கும் பெருநிலத்தைப் போலவே கடலடி உரிமை உண்டு என்று 1982 ஐ.நா. கடல்சட்ட உடன்படிக்கையைக் காட்டுகிறது ஏதென்ஸ். அதில் துருக்கி கையெழுத்திடவே இல்லை. தன் வாசலில் கிடக்கும் ஒரு சிறு தீவு தன் கடலையே அடைத்துவிடலாமா என்று கேட்கிறது அங்காரா. இரு பக்கமும் ஓரளவு நியாயம் இருப்பதால்தான் இது தீர மறுக்கிறது.

இரு நாடுகளுக்கும் இடையிலுள்ள ஏஜியன் கடலில் கிரேக்கத்தின் கடல் எல்லை இன்று 6 கடல் மைல். 12 ஆக்க அந்தக் கடல்சட்ட உடன்படிக்கை இடம் தருகிறது. ஆக்கினால் அது போருக்கான காரணம் என்று 1995 ஜூனில் துருக்கி நாடாளுமன்றம் தீர்மானித்தது. மேற்கே அயோனியன் கடலில் 2021இல் 12 மைலுக்குப் போன கிரேக்கம், ஏஜியனில் கைவைக்கவில்லை.

அந்த 1995 டிசம்பரிலேயே இமியா என்ற ஆளில்லாப் பாறைத்திட்டில் ஒரு துருக்கிச் சரக்குக் கப்பல் தரைதட்டியது. துருக்கியர் அதைக் கார்டாக் என்பார்கள். இழுத்துவிடும் உரிமை யாருக்கு என்று தொடங்கிய பேச்சு கொடியேற்றும் போட்டியானது. பக்கத்துக் காலிம்னோஸ் தீவின் மேயர் கிரேக்கக் கொடியை நட்டார். துருக்கிப் பத்திரிகையாளர்கள் ஹெலிகாப்டரில் வந்து அதைப் பிடுங்கித் தங்கள் கொடியை ஏற்றினார்கள். பத்திரிகை செய்கிற வேலையா இது! பின்னாலேயே இரு நாட்டுக் கமாண்டோக்களும் இறங்கினார்கள். ஒரு கிரேக்க ஹெலிகாப்டர் விழுந்து அதிலிருந்த மூன்று அதிகாரிகள் இறந்தனர். அமெரிக்கா தலையிட்டுத்தான் போர் விலகியது.

1999 ஆகஸ்டில் துருக்கியிலும் செப்டம்பரில் ஏதென்ஸிலும் நிலநடுக்கம் வந்தபோது, ஒருவர் இடிபாட்டில் மற்றவரின் மீட்புக் குழு நின்றது. ஆனாலும் 2020இல் துருக்கியின் ஆய்வுக் கப்பல் காஸ்டெல்லோரிசோவுக்குத் தெற்கே வந்ததும் போர்க்கப்பல்கள் உரசிக்கொண்டன.

2023 டிசம்பரில் இரு அரசுகளும் ஏதென்ஸில் நட்புறவு அறிக்கையில் கையெழுத்திட்டன. அடுத்த ஆண்டு, 10 கிரேக்கத் தீவுகளுக்குத் துருக்கியர் துறைமுகத்திலேயே ஏழு நாள் விசா பெறும் திட்டம் தொடங்கியது. விடுதிக்காரர்களுக்கு மகிழ்ச்சி. கடல் எல்லையைப் பற்றி மட்டும் எதுவும் முடிவாகவில்லை. 1995 தீர்மானத்தையும் துருக்கி திரும்பப் பெறவில்லை.