நீளமான சி.என்.சி. லேத் வாங்குவோர் கவனத்திற்கு

விருதுநகர் எண்ணெய் மில்களின் எக்ஸ்பெல்லர் ஷாப்ட், சிவகாசி அச்சு மிஷின் ரோலர், இராஜபாளையம் நூற்பாலைத் தண்டு என நம் மாவட்டத்தில் நீள வேலைக்குக் குறைவில்லை. இதை நம்பிக் கடன் வாங்கி சி.என்.சி. லேத் போட எண்ணும் அன்பர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இது.

பெட் நீளத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். சக்கும் டெயில்ஸ்டாக்கும் பிடித்த இடம் போக, டூல் எவ்வளவு தூரம் ஓடும் என்று கேளுங்கள். விட்டத்தைப் போல் 10 மடங்குக்கு மேல் நீளமான தண்டு, இரு முனையும் பிடித்தாலும் நடுவில் வளையும். நீளம் இரட்டித்தால் வளைவு 8 மடங்கு! நடுவில் தாங்கும் ஸ்டெடி இல்லாவிட்டால், நம் கருத்தில் அது பாதி லேத்தே.

அதைவிடப் பெரிய விஷயம் கரிசல் மண். மழையில் உப்பி, கோடையில் வெடிக்கும் தரையில் மேலாகக் கான்கிரீட் போட்டு மிஷினை இறக்கினால் பெட் முறுகும்; தண்டு ஒரு முனை பருத்து, மறுமுனை சிறுத்து வரும். கம்ப்யூட்டர் இதைச் சொல்லாது. கரிசலைத் தோண்டியெடுத்து, கெட்டித் தரையிலிருந்து அஸ்திவாரம் எழுப்புங்கள். அந்தச் செலவையும் கடன் மனுவிலேயே சேர்த்துவிடுங்கள். மழைக்குப் பின் ஒருமுறை, கோடையில் ஒருமுறை லெவல் பாருங்கள்.

முன்பணம் கொடுக்குமுன் உங்கள் தண்டு ஒன்றையே கொண்டுபோய் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஆறிய பிறகு அளக்க வேண்டும். 1 மீட்டர் தண்டு 10 டிகிரி சூடேறினால் சுமார் 0.12 மி.மீ. நீண்டுவிடும்.